750-லிருந்து 1000 யூனிட்: தறி கரண்டில் ஏறியது எத்தனை சதவீதம்?

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1000 யூனிட் மின்சாரம் இலவசம். 2023 மார்ச்சுக்கு முன்பு இது 750 யூனிட். ஏறியது 250 யூனிட். உடனே "25 சதவீதம் கூட்டியிருக்காங்க" என்று சொல்லிவிடுகிறோம். அது தப்பு. 33.33 சதவீதம்.

250-ஐ 1000-ஆல் வகுத்தால்தான் 25 வரும். உயர்வுக் கணக்கில் பழைய எண்ணால்தான் வகுக்க வேண்டும். 250-ஐ 750-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள், 33.33 வந்துவிடும்.

இதற்கு முந்தைய உயர்வு 2016-இல் வந்தது. அப்போது 500 யூனிட் 750 ஆனது. அன்றும் அதே 250 யூனிட்தான், ஆனால் 50 சதவீதம். சென்னிமலை, பவானி கைத்தறிக்காரர்களுக்கும் இப்படித்தான்: 2016-இல் 100 யூனிட் 200 ஆனது, நூறு சதவீதம், 2023-இல் 200 யூனிட் 300 ஆனது, 50 சதவீதம்தான். கைக்கு வந்தது இரண்டு தடவையும் 100 யூனிட்.

சதவீதங்களை அப்படியே கூட்டவும் கூடாது. 50-உம் 33.33-உம் சேர்ந்தால் 83.33. ஆனால் 500 யூனிட் 1000 ஆகியிருக்கிறதே, அது முழு நூறு சதவீதம். இரண்டாவது உயர்வு 750-இன் மேல் விழுந்ததால் வந்த வித்தியாசம் இது.

இனி உங்கள் கரண்ட் பில்லை எடுங்கள். இரண்டு மாதத்தில் 1400 யூனிட் ஓடியிருந்தால், முன்பு 650 யூனிட்டுக்குக் காசு கட்ட வேண்டும், இப்போது 400-க்கு. காசு கட்டும் யூனிட் 38.46 சதவீதம் குறைகிறது. 3000 யூனிட் ஓடும் தறிக் குடோனுக்கு 2250 யூனிட் 2000 ஆகிறது, குறைவது 11.11 சதவீதம். நாலு தறியை வைத்து வீட்டு ஆட்களே ஓட்டும் குடும்பத்துக்குத்தான் இந்த 250 யூனிட் பெரிய ஆறுதல். எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே அதுதான்.

நெசவுக் கூலிக்கும் இதே கணக்கு. 10 ரூபாய்க் கூலியை 20 சதவீதம் குறைத்தால் 8 ரூபாய். பிறகு 20 சதவீதம் ஏற்றினாலும் 9.60-தான், பழைய பத்து ரூபாய் திரும்பி வராது. அதனால் கூலி ஒப்பந்தத்தில் சதவீதத்தோடு எந்தக் கூலியின் மேல் அந்த உயர்வு என்பதையும் ரூபாயில் எழுதி வாங்குங்கள்.