எழுத்து முந்தியதா, கீறல் முந்தியதா?

இணையத்தில் அமெரிக்க ரயில் பழம்பொருள் வாங்குகிறவர்களை அதிகம் கவிழ்ப்பது உண்மையிலேயே பழையதான பொருள். கேட்க முரணாக இருக்கும். ஆனால் போலி செய்கிறவனின் கணக்கு எளிமையானது. நூறு வருடப் பழைய பித்தளைச் சாவி ஒன்று, மேலே எழுத்து எதுவும் இல்லாவிட்டால், மலிவாகக் கிடைத்துவிடும். அதே சாவியின் தலையில், என்றோ மூடப்பட்ட ஒரு சின்ன ரயில் கம்பெனியின் முதலெழுத்துகள் இருந்தால் விலை பல மடங்கு ஏறிவிடும். சாவியைச் செய்வது கஷ்டம். எழுத்தைக் குத்துவது சுலபம். ஒரு எழுத்தச்சு (நுனியில் எழுத்து செதுக்கிய எஃகுக் கம்பி), ஒரு சுத்தியல், அரை மணி நேரம் போதும்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ரயில் என்பது அரசுத் துறை அல்ல; நூற்றுக்கணக்கான தனியார் கம்பெனிகளின் தொழில். லாந்தர், பூட்டு, சாவி, சாப்பாட்டுப் பெட்டியின் (பயணிகளுக்கு உணவு பரிமாறும் ரயில் பெட்டி) தட்டு, கரண்டி என்று கையில் எடுத்துப் போகக்கூடிய எல்லாவற்றிலும் ஒவ்வொரு கம்பெனியும் தன் முதலெழுத்துகளைப் பொறித்து வைத்தது. பொருள் தொழிலாளியின் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். இருந்தும் போனது. போனதால்தான் இன்றைக்குச் சந்தை என்று ஒன்று இருக்கிறது.

ஆகவே 'இது பழையதா?' என்று கேட்டால் பாதி நேரம் தவறான விடைதான் கிடைக்கும். கேட்க வேண்டியது, இந்தப் பொருளுக்கு என்னென்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது என்பது. உலோகமும் கண்ணாடியும் பீங்கானும் அந்த வரிசையை ஓரளவு நேர்மையாகப் பதிவு செய்து வைத்திருக்கின்றன.

நம் வீடுகளில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள். கல்யாணத்தின்போதே வெட்டிய பெயரும், இருபது வருடம் புழங்கிய பிறகு வெட்டிய பெயரும் பார்த்தவுடனே வேறுபடும். முதலாவதில் கீறல்கள் பெயரின் மேல் ஓடும். இரண்டாவதில் பெயர் கீறல்களின் மேல் ஓடும். தண்டவாளம் பிரியும் இடத்தில் வண்டியைத் திசை மாற்றும் பாயிண்டைப் பூட்டிவைக்கும் பூட்டின் சாவியிலும் நடப்பது இதுவே.

எழுத்தச்சை வைத்து அடிக்கும்போது பித்தளை மறைந்துவிடுவதில்லை, ஒதுங்குகிறது. ஒதுங்கிய உலோகம் எழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வரப்பாக மேலெழும். புதிதாக அடித்த எழுத்தை விரல் நுனியால் தடவினால் இந்த வரப்பு உரசும். பாயிண்ட்ஸ்மேனின் கால்சட்டைப் பையில் வருடக்கணக்கில் மற்ற சாவிகளோடும் சில்லறையோடும் புரண்ட சாவியில் முதலில் தேய்ந்து போவது இந்த வரப்புதான். அதற்கடுத்து எழுத்தின் விளிம்பு உருண்டு, பக்கச் சரிவு மழுங்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்து உலோகத்துக்குள் இறங்குவது படிக்கட்டு போலத் தெரியாமல் சரிவாகத் தெரியும்.

இனி ஒரு கீறலைத் தேர்ந்தெடுத்து, அது எழுத்தைக் கடக்கும் இடத்துக்குப் போங்கள். எழுத்துக்குப் பிறகு விழுந்த கீறல் இரண்டு விளிம்புகளையும் சீவிக்கொண்டு தாண்டும். பள்ளத்தின் அடியைத் தொடாது. எழுத்துக்கு முன்பே இருந்த கீறலோ, விளிம்பருகே நசுங்கி மறைந்துவிடும். விளிம்பு மட்டும் காயமில்லாமல் நிற்கும். ஒன்றிரண்டு கீறல்களை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. பத்துக் கீறல்களும் விளிம்பருகே மறைந்தால், எழுத்து கடைசியில் வந்த விருந்தாளி.

வரப்பைத் தேய்த்து எடுத்துவிடலாமே என்றால், எடுக்கிறார்கள். அப்போது எழுத்தைச் சுற்றிய இடம் மட்டும் தனியாக மினுங்கும், அல்லது சாவியின் தலை ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். பள்ளத்துக்குள் அழுக்கு வேண்டும் என்பதற்காகச் சிலர் செருப்புப் பாலிஷைத் தேய்க்கிறார்கள். பல வருட எண்ணெயும் தூசியும் இறுகிய அழுக்கு கெட்டியாக இருக்கும். பாலிஷ் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சில் வந்துவிடும்.

சாப்பாட்டுப் பெட்டிப் பீங்கானுக்கும் சூத்திரம் மாறவில்லை. நிஜமான பழைய ஓட்டல் தட்டை வாங்கி, அதன் மேல் ரயில் சின்னத்தை ஒட்டிச் சூளையில் சுட்டுவிடுகிறார்கள். மெருகுக்கு (பீங்கானின் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சு) அடியில் இருக்கும் சின்னம் விரலுக்குத் தட்டுப்படாது. மெருகுக்கு மேலே சுட்ட சின்னம் சாய்வெளிச்சத்தில் லேசாக மேடிட்டுத் தெரியும். அசல் தட்டுகளிலும் மேற்சின்னம் உண்டு என்பதால் இது மட்டும் போதாது. பயணிகளின் கத்திக் கோடுகளைத் தேட வேண்டும். கோடு சின்னத்தை வெட்டியிருந்தால் நல்லது. சின்னத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தால், சின்னம் வருவதற்கு முன்பே அந்தத் தட்டில் யாரோ பலமுறை இறைச்சி வெட்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பூட்டு வேறு வகைப் பிரச்சினை. இதயம் போன்ற வடிவில் பித்தளையில் வார்த்த பாயிண்ட் பூட்டுகளில் சிலவற்றுக்கு முதுகில் கம்பெனி எழுத்துகள் புடைப்பாக இருக்கும். அச்சிலேயே பிறந்த எழுத்து என்பதால் பிற்பாடு சேர்க்க முடியாது. அதனால்தான் அவற்றுக்கு விலை அதிகம். போலி செய்ய வேண்டுமானால் முழுப் பூட்டையே வார்க்க வேண்டும். வார்க்கிறார்கள். அமெரிக்கச் சந்தையில் திரியும் போலிப் பித்தளைப் பூட்டுகளில் கணிசமானவை இந்தியாவில் வார்த்து ஏற்றுமதியானவை என்பது அங்கே சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்த சங்கதி. நம்மவர் கைத்திறமையைக் குறை சொல்ல வழியில்லை. காட்டிக்கொடுப்பது இயற்பியல்.

உருகிய பித்தளை உறைந்து ஆறும்போது சுருங்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். வார்ப்புக்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. மாதிரியைச் செய்யும்போதே அந்த அளவு பெரிதாகச் செய்துகொள்வார்கள். போலி செய்கிறவர் தனியாக மாதிரி செய்வதில்லை, ஓர் அசல் பூட்டையே மணலில் அழுத்தி அச்செடுக்கிறார். அசலே ஒருமுறை சுருங்கி முடித்த பொருள். அதிலிருந்து எடுத்த நகல் இன்னொரு முறை சுருங்கும். 75 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய இடத்தில் 74-க்கும் சற்றுக் குறைவாக இருக்கும். நகலிலிருந்து நகல் எடுத்தால் இன்னும் சிறிது. கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் வெர்னியர் காலிப்பரில் தப்பாது. ஒவ்வொரு நகலிலும் எழுத்தின் முனைகள் மணல் துகளின் பருமன் அளவுக்கு மழுங்கிக்கொண்டே போகும் என்பது கூடுதல் துப்பு. தேய்மானத்தால் மழுங்கிய எழுத்தில் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். நகலில் மழுங்கிய எழுத்தில் மணல் சொரசொரப்பு பள்ளத்திலும் மேட்டிலும் ஒன்றுபோல இருக்கும்.

பித்தளையின் நிறத்தை நம்பி எதுவும் வாங்காதீர்கள். காற்றில் வருடக்கணக்கில் வளரும் கரும்பழுப்புப் படலத்தை அமோனியா ஆவியில் வைத்துச் சீக்கிரமே வரவழைத்துவிடலாம். (இந்த அமோனியாவுக்கு இந்தியாவில் ஒரு பழைய கதை உண்டு. ஆங்கிலேயப் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது.) நிறத்தைவிட நிறம் எங்கே இருக்கிறது என்பதே துப்பு. கை படும் மேட்டில் பளபளப்பும் கை புகாத மூலையில் கருமையும் இருந்தால் புழங்கிய பொருள். மேடு பள்ளம் எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தால் தொட்டியில் முக்கியெடுத்த பொருள். இரும்பில் துருவும் அப்படித்தான். பல வருடத் துரு கரும்பழுப்பாக, அடுக்கடுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கும். உப்பும் பெராக்சைடும் தெளித்து ஒரே நாளில் வரவழைத்த துரு பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் விரலோடு வந்துவிடும்.

எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த பொருள் லாந்தர் கண்ணாடி. அதற்குள் ஒரு பெரிய அறிவியல் கதை இருக்கிறது.

உள்ளே சுடர், வெளியே பனிமழை. சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர்த்துளி பட்டால் அந்த இடம் மட்டும் சட்டென்று சுருங்கும். பக்கத்து இடம் சுருங்காது. கண்ணாடி விரிசல் விடும். ஓடும் ரயிலுக்கு ஆபத்தைக் காட்ட வேண்டிய சிவப்பு விளக்கின் கண்ணாடி உடைந்தால் வெறும் வெள்ளைச் சுடர் தெரியும். அன்றைய பழைய விதிப்படி வெள்ளை என்றால் 'போகலாம்'. நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலை இதற்காகவே போரோசிலிக்கேட் (போரான் சேர்ந்த) வகைக் கண்ணாடியில் ஆராய்ச்சி செய்து, 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெப்பத்தில் சாதாரணக் கண்ணாடியின் பாதி அளவுகூட விரியாத ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்தது. அது அவ்வளவு லேசில் உடையாததால் மாற்றுக் கண்ணாடிக்கு ஆர்டர் குறைந்துபோயிற்று என்பார்கள். அந்தக் கண்ணாடிக்கு வேறு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, 1913-ல், அங்கே வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலாளரின் மனைவி பெஸ்ஸி, அந்தக் கண்ணாடியில் செய்த ஒரு பேட்டரி ஜாடியிலிருந்து அறுத்தெடுத்த அடிப்பாகத்தில் கேக் சுட்டுப் பார்த்தார். 1915-ல் பைரெக்ஸ் பாத்திரங்கள் கடைக்கு வந்தன.

இந்தக் கதை பணத்தை மிச்சப்படுத்தவும் உதவும். விரிவு குறைந்த கண்ணாடிகளில் கார்னிங் 'சி.என்.எக்ஸ்.' என்ற முத்திரையைப் போட்டது. அந்த முத்திரையோடு '1880-களின் லாந்தர், எல்லாப் பாகமும் அசல்' என்று யாராவது விற்றால், லாந்தரின் உலோகச் சட்டகம் பழையதாக இருக்கலாம், கண்ணாடி பின்னாளில் மாட்டியது. இது மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உடைந்த கண்ணாடியை ரயில் கம்பெனியே மாற்றியிருக்கும். ஆனால் விலை வேறு.

ஊதா நிறக் கண்ணாடிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். மணலில் இருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சைச் சாயல் தரும். அதை அடக்க, முதல் உலகப்போர்க் காலம் வரை மாங்கனீசு சேர்த்தார்கள். வெயிலின் புறஊதாக் கதிர் படப்பட, மாங்கனீசு அணு ஓர் எலெக்ட்ரானை இழந்து ஊதாவாகிறது. இயற்கையாக நடந்தால் வருடக்கணக்கில் மெல்லிய ஊதா வரும். திராட்சைச் சாறு போன்ற அடர் ஊதா பெரும்பாலும் கிருமிநாசினி விளக்கின் அடியிலோ காமா கதிரிலோ வைத்து எடுத்தது. கண்ணாடி பழையதுதான், நிறம் மட்டும் போன மாதத்தது.

நீலக் கண்ணாடி இன்னும் சிக்கல். பெட்டிகளுக்கு அடியில் ஆள் வேலை செய்கிறார், வண்டியை நகர்த்தாதே என்பது நீல விளக்கின் பொருள். தேவை குறைவு என்பதால் குறைவாகவே செய்தார்கள். அதனால் விலை எக்கச்சக்கம். சந்தையில் 'அபூர்வ நீலம்' என்று வருபவற்றில் பல உண்மையில் பச்சை. மண்ணெண்ணெய்ச் சுடரில் நீல ஒளி மிகக் குறைவு, மஞ்சளும் சிவப்பும் அதிகம். புல் பச்சை நிறக் கண்ணாடியை அந்தச் சுடருக்கு முன்னால் வைத்தால் மஞ்சள் கலந்த பச்சைதான் தெரியும். ஓட்டுநர் அதை எச்சரிக்கை மஞ்சளோடு குழப்பிக்கொள்ளலாம். எனவே மஞ்சளையும் சிவப்பையும் வடிகட்டும் நீலப்பச்சைக் கண்ணாடியைச் செய்தார்கள். சுடருக்கு முன்னால் அது சுத்தமான பச்சை. பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் படமெடுத்தால் மயில்கழுத்து நீலம். விற்பவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கேமரா அவருக்காகச் சொல்லிவிடும். மறுபுறம், பகலிலேயே அழகான புல் பச்சையாகத் தெரியும் 'சிக்னல் கண்ணாடி' சந்தேகத்துக்குரியது. சிக்னலுக்கு லாயக்கற்ற பச்சை அது.

காகிதத்தைப் பொறுத்தவரை ஒரு வரி போதும்: பழைய கால அட்டவணை என்று விற்கும் தாள் புறஊதா விளக்கில் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அதில் 1950-ஐ ஒட்டிய காலத்துக்குப் பிறகு பரவலான வெளுப்புச் சாயம் இருக்கிறது. அசல் சான்றிதழ், குடும்பக் கடிதம், 'தாத்தா ரயில்வேயில் இருந்தார்' என்ற வாசகம் ஆகியவற்றுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. 1960-களிலும் 70-களிலும் வெல்ஸ் பார்கோ போன்ற பழைய கம்பெனிகளின் பெயரில் போலி பெல்ட் கொக்கிகள் குவிந்தபோது, அவற்றை அசல் என்று நிரூபிக்கும் ஒரு முழுப் புத்தகத்தையே போலியாக அச்சடித்தார்கள்.

ஆக, விற்பவரிடம் கேட்க வேண்டியது கதையை அல்ல, படங்களை. எழுத்தின் மேல் டார்ச்சைக் கிட்டத்தட்ட படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்து நெருக்கமாக ஒரு படம். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வரப்பும் கீறலும் தெரியாது. காலிப்பர் வாயில் பூட்டை வைத்து, எண் தெரியும்படி ஒரு படம். அந்த எண்ணை, ஏற்கனவே அசல் என்று உறுதியான ஒன்றின் அளவோடு ஒப்பிட வேண்டும். பித்தளை என்று சொன்ன பொருளின் மேல் காந்தத்தை வைத்துச் சில நொடி வீடியோ. காந்தம் உடலில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. வண்ணக் கண்ணாடி என்றால் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, கேமராவின் தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு படம். 'நீலம்' அதில் பச்சையாக மாறினால் பச்சைக்கு உண்டான விலையைச் சொல்லிப் பாருங்கள்; பச்சை லாந்தர் கண்ணாடியும் வாங்கத் தகுந்த பொருள்தான்.