பயோகேஸ்: சாண எரிவாயுவா, உயிரி எரிவாயுவா?

சேலம், ஆத்தூர் வட்டார சேகோ மில்களில் (ஜவ்வரிசி ஆலைகளில்) பயோகேஸை வெறுமனே ‘கேஸ்’ என்பார்கள். ‘பயோஸ்’ கிரேக்க மொழியில் உயிர், வாழ்வு. ‘கேஸ்’, 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் ‘கேயாஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை ஒட்டி உண்டாக்கியது.

தமிழில் முதலில் பரவியது ‘சாண எரிவாயு’. மாட்டுத்தொழுவக் கலனுக்கு அது சரி. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு தெளிந்தபின் வடியும் நீரிலோ, சாராய ஆலையின் வடிகழிவிலோ கேஸ் எடுக்கும்போது சாணம் பாலுக்கு ஊற்றும் உறை மாதிரி, தொடக்கத்துக்கு மட்டும்தான். ‘உயிர்வாயு’ இன்னும் மோசம். படிப்பவர் பிராணவாயு என்றே நினைப்பார். ஆக்சிஜன் புகுந்தால் இந்த வாயு உண்டாகாது என்பதால் பொருளே தலைகீழாகிவிடும். ‘உயிரி எரிவாயு’ என்பதே பொருத்தம்: ஆக்குவது நுண்ணுயிரி, ஆகும் பொருள் எரிகிறது. நடக்கும் வேலைக்குப் பெயர் ‘காற்றில்லாச் செரிப்பு’.

இதில் பெரும்பங்கு, ஏறக்குறைய 60 விழுக்காடு, மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கழிவின் செறிவை ‘சிஓடி’ என்ற அளவால் சொல்வார்கள்; அதிலுள்ள கரிமப்பொருளை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு அது. ஒரு கிலோ சிஓடி செரித்தால் சுமார் 0.35 கனமீட்டர் மீத்தேன். லிட்டருக்கு 5 கிராம் சிஓடி உள்ள சேகோ கழிவுநீர் 1 லட்சம் லிட்டரில் 80 விழுக்காடு செரித்தால் 140 கனமீட்டர் மீத்தேன், அதாவது சுமார் 230 கனமீட்டர் கேஸ். நல்ல ஜெனரேட்டரில் 400 யூனிட் அளவுக்கு மின்சாரம் எடுக்கலாம்.

கெடுவது பெரும்பாலும் புளிப்பால். அமிலம் ஆக்கும் நுண்ணுயிரிகள் வேகமானவை, மீத்தேன் ஆக்குபவை மெதுவானவை. ஒரே நாளில் அதிகக் கழிவை விட்டால் அமிலம் தேங்கும், பிஎச் (புளிப்பு கூடினால் குறையும் அளவு) 6.5க்குக் கீழே போனதும் கரியமில வாயு கூடி, சுடர் நிற்காமல் அணையும். உடனே வரத்தை நிறுத்திச் சுண்ணாம்பு கலந்து 7 பக்கம் கொண்டுவர வேண்டும். சேகோ நீரே புளித்துத்தான் வருகிறது என்பதால் இங்கே இந்தக் கவனம் தினசரி வேலை. கிழங்கின் நார்ச்சக்கையான திப்பியையும் வடிகட்டியே விட வேண்டும். இல்லையென்றால் மேலே ஆடை கட்டிக் கேஸை அடைக்கும்.

சாராய ஆலைக் கழிவில் சிஓடி லிட்டருக்கு 100 கிராம் வரை வரும், கேஸும் அதற்கேற்பக் கூடும். ஆனால் கரும்புப்பாகின் சல்பேட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் ஏறும். அது மனிதருக்கு நஞ்சு; எஞ்சினையும் அரிக்கும். எஞ்சினுக்கு முன் துருப்பிடித்த இரும்புத்தூள் நிரப்பிய குழாய் வழியாகக் கேஸை விட்டால் பெரும்பகுதி அதிலேயே பிடிபடும். தூள் கறுத்ததும் மாற்ற வேண்டும்.