படத்தைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சீட்டும் கொடுங்கள்

ஈரோட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். பதிப்புரிமை, வர்த்தகச் சின்னம், டிசைன் பதிவு, இவைதான் என் அன்றாட வேலை. சுற்றிலும் திருப்பூர், கரூர், சென்னிமலை, பவானி என்று தறியும் அச்சும் துணியுமாக இருக்கிற ஊர்கள். அதனால் என்னிடம் வருகிற ஓவியர்களும் கைவேலை செய்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே சங்கடத்தைத்தான் கொண்டு வருகிறார்கள். தாங்களே வரைந்து, மனசார, காசு வாங்காமல் கொடுத்த ஒன்று எங்கோ துணியில் ஏறி விற்பனைக்கு வந்திருக்கும். பார்த்ததும் வயிறு எரிந்திருக்கும். ஆனால் கேட்கக் கூச்சம்.

"குடுத்தது குடுத்ததுதானுங்களே வக்கீலம்மா, இனி அதுல எனக்கு என்னங்க இருக்கு?" என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கோபிப் பக்கத்து ஓவிய ஆசிரியர் ஒருவரின் விவகாரத்தை, ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பால்ய நண்பரின் கிரகப்பிரவேசத்துக்கு அவர் ஒரு காங்கேயம் காளையை வரைந்து கொடுத்தார். மயிலைக் காளை. திமிலிலும் கழுத்திலும் கருமை ஏறி, முதுகில் வெளுத்து வருகிற அந்த நிறத்தை நீர்வண்ணத்தில் கொண்டுவர எவ்வளவு பொறுமை வேண்டும் என்று வரைகிறவர்களுக்குத் தெரியும். முன்னங்குளம்புக்குக் கீழே சின்னதாக அவருடைய கையெழுத்து. அடுத்த பொங்கலுக்கு அதே காளை டீ-சர்ட்டில் வந்தது. நான்கு கலருக்குப் பிரித்து ஸ்கிரீன் போட்டிருந்தார்கள். கழுத்துக் கருமையும் திமில் கருமையும் ஒரே கறுப்பாகிவிட்டன. கையெழுத்து இருந்த அடிப்பகுதியை வெட்டிவிட்டார்கள்.

ஆசிரியர் என் முன்னால் அந்த டீ-சர்ட்டை விரித்துப் போட்டு, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். காசைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "பேரையாச்சும் விட்டிருக்கலாமுங்க" என்பதுதான் அவர் சொன்னது.

நண்பரையும் கூப்பிட்டுப் பேசினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "படம் என் வீட்டுச் சுவத்துல தொங்குது. எனக்குத்தானுங்க சொந்தம்?" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். நான் பார்த்தவரை இந்த மாதிரி விவகாரங்களில் திருட்டு எண்ணத்தை விட அறியாமைதான் அதிகம். நல்ல நட்பும் உறவும் அதனாலேயே முறிகின்றன என்பதுதான் எனக்கு வருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது? படம் என்கிற பொருள் வேறு, அதைப் பிரதி எடுக்கிற உரிமை வேறு. பொருளைக் கையில் கொடுத்தால் போதும், அது வாங்கியவருக்குச் சொந்தம். அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் தேவையில்லை, ஒப்படைத்தாலே செல்லும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவு சொல்கிறது. மாட்டி வைக்கலாம், விற்கலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஆனால் அதை அச்சிட, துணியில் போட, காலண்டராக்க, பதிப்புரிமை வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால்தான் அந்த உரிமை கை மாறும். படம் கை மாறியதாலேயே அது மாறிவிடாது. வரைந்தவரின் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஒருவர் கேட்டு, காசு கொடுத்து, அவருக்காக ஓவியமோ உருவப்படமோ வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். 17-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. அன்பளிப்பாகச் சும்மா வரைந்து கொடுத்ததில் உரிமை வரைந்தவரிடமே நிற்கிறது. ஆகவே ஆர்டருக்கு வரைகிறவர்கள்தான் இன்னும் கவனமாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், ஆசிரியர் மனசு நொந்தது அதில்தானே. 57-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாலும், 'இதை வரைந்தவன் நான்' என்று சொல்கிற உரிமையும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கிற உரிமையும் கலைஞரை விட்டுப் போகாது. இதற்கு நம் நாட்டில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற வழக்கு சிற்பி அமர்நாத் சேகலுடையது. தில்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், சேதமும் ஆனது. 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பொருளுக்குச் சொந்தக்காரர் மத்திய அரசு. அப்படியும் சிற்பியின் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. ஒன்று மட்டும்: கொடுத்த படத்தைச் சுவரில் மாட்டவில்லை, பரணில் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி இந்தப் பிரிவில் போக முடியாது. அதைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது.

அரசுப் பள்ளிச் சுவர்களில் சம்பளம் வாங்காமல் படம் வரைந்து கொடுக்கிற இளைஞர்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். வரைவதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் கொடுத்து, 'சுவரை மாற்றிப் பூச நேர்ந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம்' என்று எழுதிவிடுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

இனி, துணிக்காரர்கள் நடுவில் வாழ்கிற நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது பதிப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு. டிசைனாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 உருப்படிக்கு மேல் தயாரித்துவிட்டால், அந்த டிசைன்மேல் இருக்கிற பதிப்புரிமை அதோடு முடிந்தது. அப்புறம் யார் வேண்டுமானாலும் போடலாம். திருப்பூரில் 50 உருப்படி என்பது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. மூல ஓவியத்தின் உரிமை அப்போதும் ஓவியரிடம் இருக்கும், துணியில் ஏறிய டிசைனின் உரிமைதான் போகும் என்று மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் விளக்கியது. அதுவும் சோபாத் துணியின் பூ டிசைன் பற்றிய வழக்குதான். சரி, மூலம் இருக்கிறதே என்று நிம்மதியடைய முடியாது. துணியில் சம்பாதிக்க நினைத்தவருக்கு அந்த டிசைன்தானே பிழைப்பு.

கவனியுங்கள், 'அனுமதி பெற்றவர்' என்ற சொல்லை. திருடிப் போட்டவர் 50 அடித்தாலும் 500 அடித்தாலும் உங்கள் உரிமை போகாது. ஆனால் நண்பர் வாட்ஸ்அப்பில் "இதை ஒரு டீ-சர்ட்ல போட்டுக்கட்டுமா?" என்று கேட்க, நீங்கள் பெருந்தன்மையாக "தாராளமா போட்டுக்கோங்க" என்று பதில் போட்டால், அந்த ஒரு வரியைத்தான் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் அனுமதி என்று நீட்டும். எத்தனை உருப்படி, எந்தத் துணி, எவ்வளவு நாள் என்று சேர்த்து எழுதுங்கள். ஆசிரியருடைய நல்ல காலம், அவர் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

நெசவாளர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. "நாங்க கைத்தறிங்க, தொழிற்சாலைச் சட்டமெல்லாம் எங்களுக்கு எதுக்கு" என்று சிறுமுகையிலும் சென்னிமலையிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். வடிவமைப்புச் சட்டம், 2000, கையால் செய்வதையும் சேர்த்தே பேசுகிறது. புதிதாக ஒரு கரையோ முந்தானையோ கண்டுபிடித்தால், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அந்தச் சேலையைக் கொடுத்து, ஸ்டேட்டஸில் போட்டு, பத்துப் பேர் கேட்ட பிறகு பதிவு செய்ய வருகிறார்கள். அப்போது நான் கையைப் பிசைவதைத் தவிர வழியில்லை, ஏனென்றால் விண்ணப்பிக்கும் முன்பே வெளியே தெரிந்துவிட்ட டிசைனைப் புதியது என்று பதிய முடியாது. முதலில் விண்ணப்பம், பிறகு அன்பளிப்பு. தனிநபர் விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் 1000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பவானி ஜமக்காளத்துக்கு இருக்கிற புவிசார் குறியீடு அந்த ஊர்த் தொழிலுக்கான பாதுகாப்பு. தனி ஒருவர் புதிதாகப் போட்ட டிசைனை அது காப்பாற்றாது.

இதையெல்லாம் சொன்னால், "கொடுக்கிற இடத்துல கணக்குப் பார்க்கறது நல்லாயிருக்குங்களா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மண்டப வாசலில் மேசை போட்டு, ஐந்நூறு ரூபாய் மொய்க்கும் ஊர் பெயர், தகப்பனார் பெயர் சேர்த்து நோட்டில் எழுதுகிறோம். அதை யாரும் கஞ்சத்தனம் என்று சொல்வதில்லை. எழுதி வைத்தால் உறவு நிலைக்கும் என்றுதான் எழுதுகிறோம். வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த படத்துக்கு மட்டும் ஏன் ஒரு வரி எழுதக் கூடாது? நான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்கிற வாசகம் இவ்வளவுதான்:

"இந்த ஓவியத்தை நான் வரைந்து அன்பளிப்பாகக் கொடுக்கிறேன். ஓவியம் தங்களுடையது. இதைப் பிரதி எடுக்கவோ, அச்சிடவோ, துணியிலோ வேறு பொருளிலோ பயன்படுத்தவோ என் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும்."

கீழே தேதி, கையெழுத்து. சீட்டாகக் கொடுத்தால் தொலைந்துபோகும், ஆகவே அதையே பிரேமின் பின்பக்கமும் ஒட்டிவிடுங்கள். கொடுக்கும் முன்பு நல்ல வெளிச்சத்தில் முழுப் படத்தையும், கையெழுத்தைக் கிட்டத்திலும், பின்பக்கத்தையும் படம் எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பாதி வரைந்த நிலையில் எடுத்த படங்களையும் அழித்துவிடாதீர்கள். வரைந்தவர் யார் என்று கேள்வி வந்தால் அவைதான் கைகொடுக்கும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்கிற பெரிய மனசுக்காரர்களும் வருகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அம்மா அங்கன்வாடிக் குழந்தைகளுக்கென்று வண்ணம் தீட்டும் படங்கள் வரைகிறார். யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கட்டும் என்பது அவர் ஆசை. அதற்கும் வழி இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி பொது அறிவிப்பு கொடுத்து உரிமையைத் துறக்கலாம், அல்லது எந்த நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமக் குறிப்பு ஒன்றைப் படத்தின் கீழே போடலாம். நான் அவருக்குச் சொன்னது, பெயர் போட்டு, வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்தலாம் என்கிற வகை உரிமம். அறிவிப்பு கொடுத்து முழுசாகத் துறந்துவிட்டால், நாளைக்கு ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனி அதையே காசுக்கு விற்கும்போது வாயைத் திறக்க முடியாது. இது என் கருத்து. வேறு மாதிரி நினைக்கிற வழக்கறிஞர்களும் இருப்பார்கள்.

அறக்கட்டளைக்கோ மருத்துவ உதவிக்கோ ஏலம் விடப் படம் கொடுப்பவர்கள், 'சகல உரிமைகளும்' என்று அச்சடித்த படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ஏலத்துக்கு வேண்டியது படம் மட்டும்தான். பதிப்புரிமையும் கொடுப்பதாக இருந்தால் எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள், எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். ஏலத்தில் எடுத்தவர் பிறகு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்தால், அதில் 10 சதவீதம் வரை பங்கு கேட்கிற உரிமை 53-ஏ பிரிவில் ஓவியருக்கு இருக்கிறது. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தருகிற ரசீது (80ஜி என்பார்கள்) கிடைக்கும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள், பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தக் கழிவு கிடையாது. மற்ற வரி விஷயங்களை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஆசிரியர் விவகாரம் நீதிமன்றம் போகவில்லை. உட்கார்ந்து பேசினதில் நண்பர் மீதியிருந்த சரக்கில் ஓவியர் பெயரோடு டேக் போட ஒத்துக்கொண்டார். அடுத்த லாட்டுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்தானது. காளையை நான்கு கலரில் போடக் கூடாது, நிறம் பிரிப்பதை ஆசிரியரே பார்த்துச் சொல்வார் என்பதும் அதில் ஒரு ஷரத்து. அதைக் கேட்டு வாங்கியது ஆசிரியர்தான், நான் இல்லை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே என்பவர்கள் இப்போதும் எழுதலாம். 'இன்ன தேதியில் கொடுத்த ஓவியம், அச்சிடுவதாக இருந்தால் என்னைக் கேளுங்கள்' என்று ஒரு மரியாதையான கடிதம் போதும். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. செய்து வைத்தால் சாட்சியமாக உதவும். ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், சரக்குகளில் பயன்படக்கூடியது என்றால் 2000. உங்கள் படம் எங்காவது விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், முகநூலிலும் திட்டி எழுதாதீர்கள். முதலில் பில்லோடு ஒரு உருப்படி வாங்குங்கள். ஆன்லைனில் என்றால் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்கிறவர் சூரத்தில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அந்த பில்லையும் படத்தின் பழைய புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். படம் யாருக்கு, எப்போது, என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதையும் நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.