மனு எழுத ஒரு மணி நேரம், பதிலுக்கு 30 நாள்

வழக்கு எதுவும் இல்லாமல் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சிலர் உண்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், இரவு ஏழு மணிக்கு மேல் வருவார்கள். தெருவில் பாதியோடு நின்றுபோன மழைநீர் வடிகால், மாதக்கணக்கில் எரியாத விளக்கு, திடீரென்று வராமல் போன பாட்டியின் முதியோர் உதவித்தொகை என்று ஏதாவது ஒன்று இருக்கும். சொல்லி முடித்ததும் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் வரும்: "ஏதாவது செய்யணும் மேடம், ஆனா நேரம்தான் இல்ல."

இதை நான் சாக்கு என்று நினைத்ததில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை நடக்கிறது. மனுவோடு போய் வரிசையில் நின்றால், தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கு ஒரு விடுப்பு போச்சு. அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரமும் நாம் வேலை பார்க்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. நேரம் இல்லை என்பது உண்மையான தடை. அதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

ஆனால் பதினெட்டு ஆண்டுகளாக இந்த மனுக்களைப் பார்த்துவருகிற எனக்கு இன்னொன்றும் தெரியும். பாதியில் கைவிட்டவர்களில் பலர் நிறைய நேரம் கொடுத்தவர்கள். கோபம் வந்த வாரத்தில் மூன்று நாள் விடுப்பு எடுத்து, நான்கு அலுவலகம் ஏறி இறங்கி, ஒன்பது மனு கொடுத்திருப்பார்கள். அவர்கள் கொண்டுவரும் பையைத் திறந்து பார்த்தால் மனுவின் நகல் இருக்கும், ஒப்புகைச் சீட்டு இருக்காது. எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம் என்ற குறிப்பும் இருக்காது. "பார்க்கிறோம்னு சொன்னாங்க" என்பது மட்டும் நினைவில் இருக்கும். அப்புறம் களைத்துப்போய், இங்கே எதுவும் நடக்காது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் கொட்டிய உழைப்பை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அதனால் நேரத்தைப் பற்றிக் கேட்கிற எல்லோரிடமும் நான் முதலில், அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆவணங்களைக் கேட்டு வாங்க வழிசெய்யும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் பற்றித்தான் பேசுவேன். 2005-ல் வந்த இந்தச் சட்டத்தை வேலைக்குப் போகிறவர்களின் சட்டம் என்றே நான் நினைக்கிறேன். இதில் கெடு வைத்து ஓட வேண்டிய இடத்தில் அலுவலகம்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தில் தகவல் கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். 30 நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை. சரியான அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம்.

பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் மழுப்பலாக இருக்கிறது. அப்போது அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. கட்டணம் கிடையாது, ஒரு பக்கம் போதும். அவர் 30 நாளில், காரணம் எழுதிவைத்தால் அதிகபட்சம் 45 நாளில், முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் எப்போது விசாரிக்கும் என்பதற்குச் சட்டத்தில் கெடு இல்லை, அங்கே நீண்ட காலம் காத்திருக்க நேரலாம். இந்தக் குறையை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் தகுந்த காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம் என்பதால், பல விஷயங்கள் முதல் மேல்முறையீட்டிலேயே நகர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டிப் பாருங்கள். மனுவுக்கு ஒரு மணி நேரம், முதல் மேல்முறையீட்டுக்கு அரை மணி நேரம், இரண்டாவதற்கு இரண்டு மணி நேரம். நடுவில் இருப்பதெல்லாம் காத்திருப்பு. காத்திருக்க விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, தேதியை மட்டும் தவறவிடக் கூடாது. நானே ஒருமுறை, எங்கள் பகுதி நூலகக் கட்டடம் தொடர்பாகப் போட்ட மனுவில், மேல்முறையீட்டு நாளைத் தவறவிட்டேன். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம்தான், ஆனால் ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் போய்விட்டது. அன்றிலிருந்து மனுவை அனுப்பிய அன்றே 31-வது நாளைக் கைபேசியில் குறித்துவிடுகிறேன். என்னிடம் வருகிறவர்களையும் என் முன்னாலேயே குறிக்கச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயத்திலும் நேரம் வீணாவதைப் பார்க்கிறேன். "எங்கள் தெருவில் ஏன் இன்னும் வடிகால் கட்டவில்லை?" என்று கேட்டால், அந்தச் சட்டத்தின்படி அது தகவல் கேட்பதாகாது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். ஆகவே, அந்தப் பணிக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்குரிய பக்கங்கள், இதுவரை வழங்கிய தொகைக்கான பட்டியல் என்று கேளுங்கள். அளவுப் புத்தகத்தைப் பொறியாளர்கள் 'எம் புக்' என்பார்கள். எத்தனை மீட்டர் கட்டியதாகக் கணக்கு எழுதிப் பணம் கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கெடு தாண்டிய பிறகு கொடுத்தால் அதுவும் இலவசம். நடந்துகொண்டிருக்கிற பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைக் கேட்டு வாங்கவும்கூட இதே சட்டத்தில் உரிமை இருக்கிறது. இந்த உரிமை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆலை ஒன்றில் ஷிப்ட் பார்க்கும் ஒருவர் இப்படித்தான் செய்தார். முதல்முறை வந்தபோது அவரிடம் ஐந்து பிரச்சினைகள் இருந்தன. இந்த வருடத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, மற்றதெல்லாம் முக்கியமில்லையா என்று கேட்டார். முக்கியம்தான், ஆனால் ஐந்தையும் ஒருவரே தூக்கினால் எதுவும் வீடு போய்ச் சேராது என்று சொல்லி, வடிகாலை மட்டும் வைத்துக்கொண்டோம். 30 நாளில் பதில் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்த ஒரு காலையில் முதல் மேல்முறையீட்டை எழுதித் தபாலில் போட்டார். அதற்குப் பிறகு அளவுப் புத்தகத்தின் நகல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் இருவரைச் சேர்த்துக்கொண்டு டேப் பிடித்து அளந்தார். புத்தகத்தில் இருந்த நீளத்துக்கும் தரையில் இருந்ததற்கும் அறுபது மீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த நகலையும் தேதியோடு எடுத்த படங்களையும் இணைத்து மனு கொடுத்து, ஒப்புகை வாங்கினார். பொறியாளர் நேரில் வந்தார். விட்டுப்போனதில் முக்கால்வாசி கட்டி முடித்தார்கள். கடைசித் துண்டு மட்டும் ஓர் ஆக்கிரமிப்புத் தகராறால் இன்னும் நிற்கிறது. இதற்காக அவர் செலவழித்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவந்தார். ஏழு மாதத்தில் பதினொரு மணி நேரம்.

கிராம ஊராட்சியில் வாக்காளராக இருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. இந்த ஆறில் நான்கு நாள் அரசு விடுமுறை! வெளியூரில் வேலை பார்த்து, வாக்கு மட்டும் சொந்த ஊரில் வைத்திருப்பவரும் அந்தச் சபையின் உறுப்பினர்தான். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் கொடுத்த இடம் அது, யாரும் அழைத்தால்தான் போக வேண்டும் என்று இல்லை. போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பாமல், உங்கள் கோரிக்கையை எழுதிக்கொண்டு போய்ப் படியுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால், எழுதிய பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று அமைதியாகச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலைப் பிறகு தகவல் உரிமை மனு போட்டே வாங்கிவிடலாம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் 2022-ல் விதிகள் வந்தன. அவை எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கூடுகின்றன என்று என்னால் சொல்ல முடியாது. கூடவில்லை என்றால், கடைசியாகக் கூடிய தேதியையும் கூட்டக் குறிப்பின் நகலையும் கேட்டு ஒரு மனு போடுங்கள். அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள்.

பெண்கள் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பொதுக் காரியத்துக்கு நேரம் ஒதுக்குவது பற்றிப் பேசும்போது, அந்த நேரம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்பதை நாம் பார்ப்பதில்லை. கணவர் கூட்டத்துக்குப் போகிறார் என்றால், அந்த மாலையில் பிள்ளையைப் படிக்க வைப்பதும் மாமியாருக்கு மருந்து கொடுப்பதும் மனைவியின் கணக்கில் சேர்கிறது. இதே மனைவி கிராம சபைக்குப் போக நினைத்தால் வீட்டில் யார் இருப்பார்கள் என்ற கேள்வி முதலில் வருகிறது. பொது வேலைக்கு நேரம் தேடும் ஆண்களிடம் நான் நேராகவே கேட்கிறேன்: இந்த மாதம் நீங்கள் போனால், அடுத்த மாதம் வீட்டை நீங்கள் பார்த்துக்கொண்டு அவரை அனுப்புவீர்களா? கேட்டவர்களில் சிலர் செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது பயம். நேரம் இல்லை என்று தொடங்கிய பேச்சு அரை மணி நேரம் கழித்துப் பயத்தில் வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒப்பந்ததாரர் உள்ளூர்க்காரர், வீட்டு முகவரி அவர் கைக்குப் போய்விடுமோ என்ற கவலை. தேவையில்லாத கவலை என்று நான் தட்டிக்கழிக்க மாட்டேன். இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியதற்காகத் தாக்கப்பட்டவர்கள், உயிரிழந்தவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அஞ்சல் பெட்டி எண்ணை முகவரியாகக் கொடுத்தாலே போதும், விவரமான முகவரியை அலுவலகம் வற்புறுத்த வேண்டியதில்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. தபாலை அனுப்புவதில் சிரமம் இருந்தால் முகவரி கேட்கலாம், ஆனால் அதை இணையதளத்தில் வெளியிடாமல் மறைக்க வேண்டும் என்றும் சொன்னது. அதைவிடப் பெரிய பாதுகாப்பு, தனியாகப் போகாமல் இருப்பது. ஒரே தெருவிலிருந்து ஐந்து பேர் ஆளுக்கொரு மனு போட்டால் யார் கேட்டது என்று ஒருவரைக் குறிவைக்க முடியாது. வேலையும் பிரிந்துவிடும். எழுத வருபவர் எழுதட்டும், பகலில் நேரம் இருப்பவர் தபால் அலுவலகம் போகட்டும், ஞாபகசக்தி உள்ளவர் தேதிகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தச் சட்டம் யாரால் வந்தது என்பதையும் வருகிறவர்களிடம் சொல்வேன். ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குப் போன ஏழை மக்கள், குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்காமல், வருகைப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அது ரகசிய ஆவணம் என்று பதில் வந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பாகத் திரண்டு, ஊர் ஊராகக் கணக்கைப் படிக்கும் பொது விசாரணைகள் நடத்தி, 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கூலி இல்லாத நாள். அடுத்த ஆண்டே தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் வர 2005 ஆனது. நேரம் மிகக் குறைவாக இருந்தவர்கள் வாங்கிக் கொடுத்த உரிமையை எடுத்துத்தான் இன்று நாம் 10 ரூபாய் வில்லை ஒட்டுகிறோம்.

போன அக்டோபரில் ஒரு செவிலியர் வந்தார். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி, வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். ஊரின் குடிநீர்த் தொட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேட்டிருக்கிறார். பேச்சில் பதில் சொல்லிவிட்டார்கள், புத்தகத்தில் எழுதவில்லை. என் மேசையிலேயே உட்கார்ந்து, தொட்டி கழுவிய தேதிகள் உள்ள பதிவேட்டின் நகல் கேட்டு மனுவை எழுதினார். நாற்பது நிமிடம் ஆனது. எழுந்து போகும்போது கைபேசியில் 31-வது நாளைக் குறித்துக்கொண்டார். ஜனவரி 26-க்கு இரவுப் பணி விழாமல் இருக்க, உடன் வேலை பார்ப்பவரிடம் இப்போதே மாற்றிக் கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.