எண்ணெயை நிறுத்திய அம்மாவும் செல் சவ்வின் கொழுப்பும்

புதுச்சேரியில் நான் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் நாள்களில், கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து காலைப் பேருந்தில் வருபவர்களே அதிகம். சென்ற கோடையில் பண்ருட்டியை அடுத்த ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, ஹார்மோன் மாத்திரையும் பலன் தராமல் போன நிலையில், மூன்று மாதங்களாகத் தாளிப்புக்குக்கூட எண்ணெய் சேர்க்காமல் ஆறு கிலோ எடை குறைந்திருந்தார். “கட்டி கொழுப்பைத் தின்னுதான் வளருதாம் டாக்டர், செல்போன்ல பார்த்தோம்” என்றார் உடன் வந்த மகன்.

அவர்கள் பார்த்ததில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளை இளைக்க வைத்துவிட்டது. நம் செல் ஒவ்வொன்றையும் போர்த்தியிருக்கும் சவ்வு பெரும்பாலும் பாஸ்போலிப்பிட் எனும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அவற்றுள் மிகச் சிறிய பங்கு வகிக்கும் ஓர் இனம், செய்தி சொல்லும் வேலையைச் செய்கிறது. இன்சுலினோ வேறொரு வளர்ச்சிக் காரணியோ வந்து செல்லின் வெளிப்புறத்தைத் தொட்டதும், பிஐ3கே என்ற நொதி, சவ்வின் உட்புறத்திலுள்ள பிஐபி2 என்ற கொழுப்பின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி அதைப் பிஐபி3 ஆக்குகிறது. அதைக் கண்டதும் ஏகேடி என்ற புரதம் அங்கே வந்து ஒட்டிக்கொண்டு, வளரவும் பிரியவும் சாகாமல் இருக்கவும் வேண்டிய ஏவலைச் செல்லுக்குள் அனுப்புகிறது.

கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கூண்டின் எடை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அது மேலே தொங்குகிறதா, இறக்கியாயிற்றா என்பதை வைத்தே படகுக்காரர் முடிவெடுக்கிறார். பிஐபி3 என்ற கூண்டை இறக்குவது பிடென் எனும் நொதியின் பொறுப்பு. பிஐ3கே நொதியை அமெரிக்க விஞ்ஞானி லூயி கேன்ட்லியின் குழு 1980களில் கண்டறிந்தது. பிடென் மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் பிடென் தொலைந்துபோவது மிகச் சாதாரணம். ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்களிலோ, சுமார் 40 சதவீதத்தில், பிஐ3கே நொதியை உருவாக்கும் பிஐகே3சிஏ மரபணு பிறழ்ந்திருக்கிறது. இரண்டிலும் முடிவு ஒன்றே: ஏற்றிய கூண்டு இறங்குவதில்லை. சட்டியில் ஊற்றும் எண்ணெய்க்கு இதில் பங்கு சொற்பம். புற்றுச் செல்கள் தமக்கு வேண்டிய கொழுப்பைக் குளுக்கோஸிலிருந்தே தயாரித்துக்கொள்ளும் திறனுடையவை. மாதவிடாய் நின்ற பிறகு உடற்பருமன் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் அது கொழுப்புத் திசு சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வழியாகவும் நடப்பது, வேறு கதை.

கொழுப்புச் செய்திகள் இந்த ஒன்றோடு முடிவதில்லை. செராமைடு செல்லைச் சாவை நோக்கித் தள்ளும். அதிலிருந்தே பிறக்கும் ஸ்ஃபிங்கோசின்-1-பாஸ்பேட் அதைப் பிழைக்க வைக்கும். நம் நாட்டு மருந்துக் கடைகளில் பேதிக்கென்று அறியப்பட்ட நேர்வாளத்தின் எண்ணெயிலுள்ள ஃபார்பால் எஸ்டர்கள், டைஅசைல்கிளிசரால் என்ற இயற்கையான கொழுப்புச் செய்தியைப் போலவே நடித்து, செல்லை வளரத் தூண்டும் புரதக் கைனேஸ் சி நொதியை விடாமல் முடுக்குகின்றன. புற்றை உண்டாக்கும் பொருள் ஒன்றைச் சிறிதளவு தடவிய எலித்தோலில் பிறகு இவ்வெண்ணெயைத் தொடர்ந்து பூசினால் கட்டிகள் முளைத்தன. ஆஸ்பிரின், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்ற கொழுப்புச் செய்தி உருவாவதைத் தடுப்பதைப் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். அதைக் கேள்விப்பட்டு, புற்றையும் தடுக்கும் என்று நம்பித் தாமாகவே தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வோரைப் பார்க்கிறேன். கீமோவில், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அது இரத்தக்கசிவில் கொண்டுபோய்விடும். தயவுசெய்து கேட்காமல் எடுக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்கு வருவோம். முதல் அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த திசுவின் மெழுகு பிளாக்கைக் கொண்டுவரச் சொன்னேன். மகன் அதை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில், கத்திரி வெயிலில், கடலூர் வழியாகக் கொண்டுவந்திருந்தார். விரல் நகம் அளவுத் திசு, இளகிய மெழுகின் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. நல்லவேளை, மறுபடி மெழுகில் பதித்துப் பரிசோதிக்க முடிந்தது; பிஐகே3சிஏ பிறழ்வு இருந்தது. பிளாக்கை நிழலில், உலர்ந்த டப்பாவில் வையுங்கள்; பல ஆண்டுகள் கழித்தும் அது பேசும்.

இந்தப் பிறழ்வுக்கான ஆல்பெலிசிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2019இல் ஒப்புதல் கிடைத்தது. ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஹார்மோன் தடுப்பு ஊசியோடு சேர்த்துத் தந்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு) 5.7 மாதத்திலிருந்து 11 மாதமாக உயர்ந்தது. ஆனால் இன்சுலின் சொல்வதைக் கேட்பதும் அதே பிஐ3கே வழிதான் என்பதால், மாத்திரை அதை அடைத்ததும் இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரைக்குக் கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்ட, அது அடைத்த வழியைத் திரும்பத் தட்டுகிறது என்பதை எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அம்மாவின் வெறும்வயிற்றுச் சர்க்கரை 212. விசாரித்தால், எண்ணெய் இல்லாத குறையைத் தீர்க்கக் காலையில் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி, நடுவே மாதுளைச் சாறு, மாலையில் இரண்டு இளநீர். சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவராமல் மாத்திரையைத் தொடங்க இயலாது என்று சொல்லி, வெல்லத்தையும் சாற்றையும் நிறுத்தச் சொன்னேன். குழம்புக்கு நல்லெண்ணெய் ஊற்றலாம் என்றேன். “ஊத்தலாமா?” என்று இருமுறை கேட்டுவிட்டு, மகனைப் பார்த்து, “போற வழியில அரை லிட்டர் வாங்கிக்கடா” என்றார்.