தரையிறங்கும் நேரத்தில் காணாமல் போகும் விமானம்

நீண்ட தூரம் பறந்து வந்து, ஹீத்ரோ ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் நிரல் சட்டென்று மூடிக்கொண்டு டெஸ்க்டாப் மட்டும் மிஞ்சுவது, மைக்ரோசாஃப்ட்டின் எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் பலருக்கும் நடந்தது. ஏன் பெரும்பாலும் இறங்கும்போதே நடந்தது? ஓட்டியவர்கள் ஹீத்ரோ காட்சித் தொகுப்பில்தான் கோளாறு என்று நினைத்து அதை அழித்தார்கள். உண்மையில் சிக்கல் பல மணி நேரத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது.

2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் ஒரு 32 பிட் நிரல். அப்படிப்பட்ட நிரலால் எவ்வளவு முயன்றாலும் 4 ஜிபி நினைவகத்துக்குத்தான் முகவரி எழுத முடியும். கணினியில் 16 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் மீதியை அது எட்டவே எட்டாது. அந்த 4 ஜிபிக்குள்தான் விமானத்தின் காக்பிட், வழியில் வரும் நிலக்காட்சி, மேகம், மற்ற விமானங்கள் எல்லாம் அடங்க வேண்டும். கடந்து வந்த ஊர்களின் படங்களை அது விடுவித்தாலும், காலி இடம் துண்டு துண்டாகவே கிடைக்கும். பேருந்தில் அங்கங்கே பத்து இருக்கை காலியாக இருந்தும், ஐந்து பேர் சேர்ந்து உட்கார இடமில்லாத நிலை அது. கடைசியில் ஹீத்ரோ மாதிரி பெரிய நிலையம் வந்து தொடர்ச்சியான ஒரு பெரிய இடம் கேட்கும்போது கொடுக்க முடியாமல் நிரல் விழுகிறது. 2017-இல் பிரிபேர்3டி என்ற இன்னொரு சிமுலேட்டரின் நான்காம் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியது. 2020-இன் புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் 64 பிட்தான். அதோடு இந்தக் குறிப்பிட்ட தொல்லை தீர்ந்தது.

ஆனால் விழுகிற இடம் வேறு, கோளாறு இருக்கிற இடம் வேறு என்பது மட்டும் இன்றும் மாறவில்லை. கிராஷ் ஆனதும், கணினியில் நடப்பதைக் குறித்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவுகளில் 1000 என்ற நிகழ்வு எண்ணைத் தேடுங்கள். எந்த நிரல் விழுந்தது, எந்த மாட்யூலுக்குள் (நிரல் பயன்படுத்தும் துணைக் கோப்புக்குள்) இருக்கும்போது விழுந்தது, பிழைக் குறியீடு என்ன என்ற மூன்றும் அங்கே இருக்கும். அடிக்கடி காணக்கூடிய குறியீடு சி0000005. தனக்கு அனுமதியில்லாத ஒரு நினைவக முகவரியை நிரல் தொட்டுவிட்டது, அதனால் விண்டோஸ் அதை மூடிவிட்டது என்று பொருள்.

மாட்யூல் பெயராகப் பல சமயம் விண்டோஸின் சொந்தக் கோப்பான என்டிடிஎல்எல் என்றிருக்கும். அதைப் பார்த்ததும் விண்டோஸே கெட்டுவிட்டது என்று ஃபார்மட் செய்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நினைவகம் கேட்பதும் திருப்பித் தருவதும் கடைசியில் அந்தக் கோப்பின் வழியாகத்தான் நடக்கிறது. சிமுலேட்டரில் நாம் கூடுதலாகச் சேர்த்த ஏதோ ஒரு ஆட்-ஆன் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நாலு பைட் எழுதிவிட்டால், பக்கத்திலிருக்கும் நினைவகக் கணக்கு கெட்டுப்போகும். உடனே ஒன்றும் ஆகாது. பல நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு பகுதி நினைவகம் கேட்கும்போது என்டிடிஎல்எல் அந்தக் கெட்ட கணக்கைப் படித்து விழும். இந்தச் சேதத்தை விண்டோஸே கவனித்து நிறுத்தினால் குறியீடு சி0000374 என்று வரும்.

மாறாக, மாட்யூல் பெயர் நேரடியாக வழி காட்டிய சமயங்களும் உண்டு. விண்டோஸ் 7-இல் எஃப்எஸ்எக்ஸின் மெனுவைப் பலமுறை திறந்து மூடினால் அது விழும். பதிவில் யூஐ ஆட்டோமேஷன் கோர் என்று இருக்கும். விஸ்டா காலத்துப் பழைய கோப்பை எஃப்எஸ்எக்ஸ் ஃபோல்டரில் போட்டதும் பலருக்குச் சரியானது.

ஹேங் ஆவது, அதாவது அப்படியே உறைந்து நிற்பது, இன்னும் சிரமமான சங்கதி, ஏனென்றால் நிரல் விழவில்லை. பதிவும் பெரும்பாலும் இராது. இங்கே முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். படம் உறைந்தும் என்ஜின் சத்தம் சீராக ஓடினால், ஒலியைக் கவனிக்கும் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) உயிரோடு இருக்கிறது, முக்கிய த்ரெட் மட்டும் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஒரே துணுக்குச் சத்தம் ‘ர்ர்ர்’ என்று திரும்பத் திரும்ப வந்து, மவுஸும் அசையாவிட்டால் கணினி முழுவதும் நின்றுவிட்டது. கடைசியாக நிரப்பிய ஒலித் துணுக்கையே வன்பொருள் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. அப்போது சிமுலேட்டரை விட்டுவிட்டு டிரைவரையும் வன்பொருளையும் பாருங்கள்.

மவுஸ் அசைந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறக்கலாம். ஒரு கோர் மட்டும் முழு வேகத்தில் ஓடினால் நிரல் முடிவில்லாத சுழலில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். வேலையே நடக்காமல் பூஜ்யத்தை ஒட்டி நின்றால், இரண்டு த்ரெட்கள் ஒன்றின் பூட்டை மற்றொன்று எதிர்பார்த்து நிற்கலாம், அல்லது இணையத்திலிருந்து வர வேண்டிய நிலக்காட்சிக்காகக் காத்திருக்கலாம். புதிய சிமுலேட்டர் பூமியின் படத்தைப் பறக்கும்போதே இறக்குவதால், அமைப்பில் ஆன்லைன் தரவை அணைத்துவிட்டு அதே வழியில் பறந்தால் இந்தச் சந்தேகம் தெளிந்துவிடும். திரை கறுத்து மீண்டும் வந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் கார்டின் மேல். 2 விநாடி வரை பதில் வராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீட்டமைக்கும். பதிவில் 4101 என்று இருக்கும்.

ஆட்-ஆன்தான் காரணம் என்று தோன்றினால், புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு, அதே விமானம், அதே நிலையம், அதே வானிலையில் பறந்து பாருங்கள். கிராஷ் வரவில்லையா? பாதியை மட்டும் திரும்பப் போடுங்கள். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 64 ஆட்-ஆன்களில் ஒன்றைப் பிடிக்க ஆறு முறை பறந்தால் போதும். இரண்டு சேர்ந்தால் மட்டும் சண்டை போடும் ஜோடி என்றால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது ஒரு பாதியை நிலையாக வைத்துக்கொண்டு மறுபாதியை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எக்ஸ்-பிளேன் என்ற வேறு சிமுலேட்டரை ஓட்டுபவர்கள், மீண்டும் தொடங்கும் முன் லாக் கோப்பை வேறு இடத்தில் நகலெடுத்து வைப்பது நல்லது. அடுத்த முறை திறந்ததுமே பழையதன் மேல் எழுதிவிடும்.

ஒவ்வொரு முறையும் வேறு மாட்யூல், வேறு குறியீடு, வேறு நேரம் என்று வந்தால்? அப்போது மென்பொருளை விட வன்பொருளின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். ரேமை எக்ஸ்எம்பி எனப்படும் கூட்டிய வேகத்திலிருந்து இறக்கி ஓட்டிப் பாருங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை இரவு முழுக்க ஓடவிடுங்கள். கணினியே அணைந்து எழுந்து, பதிவில் கர்னல்-பவர் 41 இருந்தால் பவர் சப்ளையையும் சூட்டையும் கவனியுங்கள். மற்ற வேலைகளில் தெரியாத பலவீனம் இங்கே தெரியக் காரணம் இருக்கிறது: புராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து மணிக்கணக்கில் வாட்டும் நிரல்கள் வீட்டுக் கணினியில் மிகச் சில.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களில் இதுதான் பெரிதாக நடந்தது. தேவைக்கு மேல் கேட்ட மின்னழுத்தத்தால் சில்லுகள் மெல்ல மெல்லச் சீரழிந்தன. மென்பொருளில் பிழை என்றே பலர் அலைந்தார்கள். இன்டெல் 2024 ஆகஸ்ட்டில் திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஆனால் ஏற்கெனவே சேதமான சில்லை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. உங்களிடம் அந்தத் தலைமுறைச் சில்லு இருந்தால், ஆட்-ஆன்களில் கை வைக்கும் முன், அந்தத் திருத்தம் சேர, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள். அதற்கப்புறமும் விழுந்தால் சில்லை மாற்றிக் கேளுங்கள்.