நிறுத்த இயக்கமா, நகர்த்துபடமா?

"பிரிட்டிஷ் நிறுத்த இயக்க இயக்குநர் நிக் பார்க்..." தொலைக்காட்சியில் ஒரு தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த என் தங்கை மகன் கேட்டான்: "மாமா, அவர் எதை நிறுத்தப் போராடினார்?"

பையன் மேல் தப்பில்லை. 'நிறுத்த' என்பது தமிழ்க் காதுக்குச் செயவென் எச்சம். மணல் அள்ளுவதை நிறுத்த இயக்கம், குடியை நிறுத்த இயக்கம் என்றுதான் மனசு போகும். போதாக்குறைக்கு வேலைநிறுத்தம் வேறு. 'ஸ்டாப் மோஷன்' என்பதற்கு இந்த மொழிபெயர்ப்பை நான் கேட்பது நாலாவது தடவை. இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கில்லை.

மூலம் எளிது. ஆங்கிலத்தில் 'ஸ்டாப் மோஷன்' என்பது படம்பிடிப்பவர்களின் பேச்சு. ஒரு சட்டகம் (ஃப்ரேம்) எடு, கேமராவை நிறுத்து, பொம்மையை எள்ளளவு நகர்த்து, அடுத்த சட்டகம் எடு. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானே நடக்கிற மாதிரி தெரியும். நிற்பது கேமரா. 1890களில் பிரான்சில் மெலியே என்ற படக்காரர் கேமராவை நிறுத்தி ஆளை மாயமாக்கினாரே, அது இதற்குப் பாட்டன். நெசவாலையில் இதே பெயருக்கு வேறு பொருள் உண்டு: நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் பொறி. நிக் பார்க் 1958இல் பிறந்த பிரெஸ்டன் ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே பழைய தறிக்காரர் காதில் 'ஸ்டாப் மோஷன்' விழுந்தால் அறுந்த நூலைத்தான் தேடுவார். 'நிறுத்த இயக்கம்' அந்தப் பொறிக்கு வேண்டுமானால் பொருந்தித் தொலையட்டும்.

சினிமாவுக்குப் பொருந்தாது. ஏனென்றால் இந்தக் கலையின் உழைப்பு நிறுத்துவதில் இல்லை. நொடிக்கு 24 சட்டகம். ஒரு நிலையை இரண்டிரண்டு சட்டகமாக எடுத்தாலும் நொடிக்கு 12 தடவை பொம்மையைத் தொட்டாக வேண்டும். நிக் பார்க் 'எ கிராண்ட் டே அவுட்' படத்தைத் திரைப்படப் பள்ளி மாணவராக 1982இல் தொடங்கினார். நடுவில் பிரிஸ்டலில் ஆர்ட்மேன் நிறுவனத்தில் சேர்ந்து, 1989இல்தான் முடித்தார். அரை மணி நேரம்கூட ஓடாத படம்! அத்தனை வருஷமும் அவர் எதையும் நிறுத்திக்கொண்டிருக்கவில்லை, நகர்த்திக்கொண்டிருந்தார். பொம்மைகளின் கன்னத்தில் விரல் ரேகை பதிந்திருப்பதைத் திரையிலேயே பார்க்கலாம். 1993இல் வந்த 'தி ராங் ட்ரவுசர்ஸ்' படத்தின் ரயில் துரத்தலில் பின்னணிச் சுவர் இழுபட்டு மங்கித் தெரியும். ரயிலோடு கேமராவையும் சேர்த்து நகர்த்தி, அந்த நகர்வின்போதே ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தது அது. அங்கே எது நின்றது?

ஆகவே என் சொல் 'நகர்த்துபடம்'. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. அனிமேஷனுக்கு 'இயங்குபடம்' ஏற்கெனவே இருக்கிறது. இயங்கு என்பது தன்வினை. இங்கே பொம்மை தானாக நகரவில்லை, ஒருவர் நகர்த்துகிறார். அந்தப் பிறவினையைச் சொல்லில் காட்டத் தமிழுக்கு ஒரு 'த்து' போதும். ஆங்கிலத்துக்கு இந்த வசதி கிடையாது, பாவம்.

நண்பர் ஒருவர் 'நின்றசைவு' என்கிறார். தலையாட்டிப் பொம்மைக்கு வைக்கலாம். இன்னொருவர், அனிமேஷனுக்கு வேரான அனிமாவுக்கு லத்தீனில் மூச்சு, உயிர் என்று பொருள், ஆகவே 'உயிரூட்டுபடம்' என்கிறார். அழகுதான். ஆனால் கையால் வரைந்த படத்துக்கும் கணினிப் படத்துக்கும் அதே பெயர் பொருந்துமே, பிறகு வேறுபாடு எங்கே? என் சொல்லிலும் ஓட்டை உண்டு. பேசும் காட்சிகளில் வாயையே கழற்றி வேறு வாய் பொருத்துகிறார்கள். அதை நகர்த்தல் என்று சொல்ல முடியாது. சரி, இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்களின் கைங்கரியம் இதோடு நிற்கவில்லை. 'தி ராங் ட்ரவுசர்ஸ்' என்பதைத் 'தவறான கால்சட்டைகள்' என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். ஆங்கிலேயனுக்கு ட்ரவுசர்ஸ் பன்மை. நமக்கு இரண்டு காலும் சேர்ந்தே ஒரு கால்சட்டைதான். படத்தில் வருவதும் ஒன்றே ஒன்று. இந்தப் பொம்மைகளைப் பிசையும் பிளாஸ்டிசினைக் 'களிமண்' என்பதும் அப்படியே. களிமண் விளக்கு வெளிச்சத்தில் காய்ந்து வெடித்துவிடும். காயாத பொருள் வேண்டுமென்றுதான் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் 1897இல் பிளாஸ்டிசினைக் கண்டுபிடித்தார். 4 ஆஸ்கர் வாங்கிய மனிதரின் கைப்பொருளை ஒரு சொல்லில் குயவர் மண்ணாக்கிவிட்டார்கள். நல்ல தமிழ்ச்சொல் கிடைக்கும்வரை பிளாஸ்டிசின் என்றே எழுதுங்கள், தமிழன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மறுநாள் தங்கை மகன் என் போனை வாங்கிக்கொண்டு போய் மேஜையில் எதையோ செய்துகொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழித்து வந்து காட்டினான். 60 படங்கள், 5 நொடி. பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர் ஒன்று இறங்கி ஓடுகிறது.

"எப்படிடா எடுத்தே?"

"நகத்தி நகத்தி எடுத்தேன் மாமா."